தீ வைத்தது யார்?
வேக்கோ முற்றுகையும் விடை வராத கேள்விகளும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயம். 1993-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி, டெக்ஸாஸ் மாகாணத்தில் வேக்கோ என்ற ஊருக்கு வெளியே ஒரு பெரிய மரக்கட்டிடம் பற்றி எரிந்தது. 51 நாட்களாக அதைப் போலீஸ் முற்றுகையிட்டிருந்தது. தீயில் அகப்பட்டு 76 பேர் மாண்டார்கள். அவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். நள்ளிரவில் நடந்ததல்ல, பட்டப்பகல் 12 மணிக்கு, டெலிவிஷன் காமிராக்கள் தூரத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. ஆனாலும் அந்த நெருப்பு எப்படிப் பிடித்தது என்பதைப் பற்றி ஏழு வருஷம் விசாரணை நடந்தது, வழக்கு நடந்தது, சினிமாப் படம்கூட எடுத்தார்கள்.

எங்கோ இருக்கிற டெக்ஸாஸில் எரிந்த வீட்டைப் பற்றி நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். போலீஸ் வளைத்த இடத்தில் ஒரு விபரீதம் நடந்தால், அதைப் பற்றி முதலில் உலகுக்குச் சொல்லுவதும் போலீஸ். சாம்பலைக் கிளறிச் சாட்சியம் பொறுக்குவதும் போலீஸ் அழைத்துவரும் ஆட்கள். உள்ளே இருந்தவர்களோ செத்துப் போனார்கள், பிழைத்தவர்களோ குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்கள். இந்த நிலையில் உண்மையை எப்படித் தேடுவது? சர்க்கார் சொன்னதை அப்படியே விழுங்கிவிடாமலும், அதற்கு எதிராக யார் எதைச் சொன்னாலும் கைதட்டிவிடாமலும் எப்படிக் கேள்வி கேட்பது? அதைப் பழகிக்கொள்ள இந்த வேக்கோ விஷயத்தைப் போல வேறொன்று இல்லை.

முதலில், உள்ளே இருந்தவர்கள் யார்? ‘பிராஞ்ச் டேவிடியன்’ என்ற ஒரு சிறு கிறிஸ்தவப் பிரிவினர். உலகம் முடியப் போகிறது என்று நம்பியவர்கள். வெள்ளையர், கறுப்பர் என்று எல்லா நிறத்தவரும் அதில் இருந்தார்கள். பிரிட்டனிலிருந்து வந்து சேர்ந்த கறுப்பு மக்கள் கணிசமாக இருந்தார்கள். தலைவர் டேவிட் கொரேஷ் என்பவர். இவரை நல்லவர் என்று காட்ட நாம் வரவில்லை. பருவம் வராத சிறு பெண்களைத் தன் ‘மனைவிகள்’ ஆக்கிக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு அவர் மேல் உண்டு. அதற்குச் சாட்சியமும் உண்டு. நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளை வாங்கிக் குவித்திருந்தார். டெக்ஸாஸில் துப்பாக்கி வாங்குவது நம்மூரில் மண்வெட்டி வாங்குவதுபோல. ஆனால் சாதாரணத் துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கியாக மாற்றுவது அங்கேயும் குற்றம். அதை இவர் செய்கிறார் என்பதுதான் வாரண்டில் இருந்த குற்றச்சாட்டு.

1993 பிப்ரவரி 28, ஞாயிற்றுக்கிழமை. மது, புகையிலை, துப்பாக்கி இலாகா என்று மத்திய சர்க்காரின் இலாகா ஒன்று அங்கே உண்டு. அதன் அதிகாரிகள் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள், மாடு ஏற்றும் டிரெயிலர் வண்டிகளுக்குள் ஒளிந்துகொண்டு வாரண்டுடன் வந்து இறங்கினார்கள். திடீரென்று பாய்ந்து பிடித்துவிடலாம் என்பது திட்டம். ஆனால் திடீர்த்தனம் அன்று காலையிலேயே போய்விட்டது. சோதனை நடக்கப்போவது தெரிந்து படமெடுக்க வந்த டெலிவிஷன் காமிராக்காரர் ஒருவர் ஒரு தபால்காரரிடம் வழி கேட்டார். அந்தத் தபால்காரர் கொரேஷின் மைத்துனர்! உள்ளே வேவு பார்க்க வைத்திருந்த அதிகாரியே வெளியே ஓடிவந்து, ‘அவர்களுக்குத் தெரிந்துவிட்டது’ என்று மேலதிகாரிகளிடம் சொன்னார். அப்படியும் போனார்கள். துப்பாக்கிச் சண்டை மூண்டது. 4 அதிகாரிகள் செத்தார்கள். அன்றைய தினம் டேவிடியன்களில் 6 பேர் செத்தார்கள். செத்த அந்த 4 அதிகாரிகளும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். விஷயம் வெளிப்பட்டுவிட்டது என்று தெரிந்தும் அவர்களை அனுப்பிய மேலதிகாரிகளை, பிறகு சர்க்காரின் நிதி இலாகாவே தன் அறிக்கையில் கண்டித்தது.

முதல் குண்டைச் சுட்டது யார்? இதிலிருந்தே தகராறு ஆரம்பம். கட்டிடத்தின் முன்வாசலில் இரட்டை இரும்புக் கதவு. குண்டுகள் வெளியிலிருந்து உள்ளே போனவையா, உள்ளிருந்து வெளியே வந்தவையா என்று அந்தக் கதவிலிருக்கும் ஓட்டைகளைப் பார்த்தாலே தெரியும். இரும்பு தீயில் வெந்து சாம்பலாகிவிடாது. இதை இரும்புப் பட்டறையில் வேலை செய்கிற எவரும் சொல்வார். இடதுபக்கக் கதவு கிடைத்தது. வலதுபக்கக் கதவு கிடைக்கவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குப் பிறகு எப்.பி.ஐ. வந்து முற்றுகையைக் கையில் எடுத்துக்கொண்டது. டெலிபோனில் பேச்சுவார்த்தை நடந்தது. 35 பேர் வெளியே வந்தார்கள். அவர்களில் 21 பேர் குழந்தைகள். பேச்சு பலிக்கவில்லை என்று பிற்பாடு சொன்னார்களே, அது முழு உண்மையல்ல என்பதை இந்த எண்ணிக்கையே காட்டும். பேசுகிற அதிகாரிகள் ஒரு பக்கம். டாங்கி வண்டியில் உட்கார்ந்திருக்கிற அதிகாரிகள் இன்னொரு பக்கம். மார்ச் 21-ந் தேதி ஏழு பேர் வெளியே வருகிறார்கள். அன்றிரவே ஒலிபெருக்கிகளை அலறவிட்டுத் தூங்கவிடாமல் செய்கிறார்கள். மின்சாரத்தைத் துண்டித்தார்கள். இரவெல்லாம் கண்ணைப் பறிக்கும் விளக்குகளை அடித்தார்கள். தன்னுடைய ஆட்களே ஒருவர் கட்டியதை இன்னொருவர் இடித்தார்கள் என்று பேச்சுவார்த்தை நடத்திய எப்.பி.ஐ. அதிகாரியே பிற்காலத்தில் வருத்தப்பட்டார்.

ஏப்ரல் 14-ந் தேதி கொரேஷிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பைபிளில் வருகிற ‘ஏழு முத்திரை’களுக்கு விளக்கம் எழுதப்போவதாகவும், எழுதி முடித்ததும் வெளியே வந்துவிடுவதாகவும் அதில் சொல்லியிருந்தார். ‘இதுவும் ஏமாற்று’ என்று எப்.பி.ஐ. ஒதுக்கியது. ஆனால் தீயிலிருந்து தப்பி வந்த ஒரு பெண்ணிடம் கம்ப்யூட்டர் தகடு ஒன்று இருந்தது. அதில் முதல் முத்திரைக்கான விளக்கம் எழுதப்பட்டிருந்தது. ஏழும் முடிந்தால் அவர் வெளியே வந்திருப்பாரா? யாரும் அடித்துச் சொல்ல முடியாது. எழுத ஆரம்பித்திருந்தார் என்பது மட்டும் நிச்சயம்.

இனி ஏப்ரல் 19. இந்த ஒரு நாளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

காலை 6 மணி சுமாருக்கு ராணுவத்திடமிருந்து வாங்கிய டாங்கி வண்டிகள் புறப்பட்டன. முன்னால் நீண்ட இரும்புக் கை. அந்தக் கையால் சுவரைக் குத்தித் துளைத்து, துளை வழியாகக் கண்ணீர்ப் புகையை உள்ளே பீய்ச்சினார்கள். வேறு வண்டிகளிலிருந்து ஜன்னல்கள் வழியாகப் புகைக் குண்டுகளையும் வீசினார்கள். இந்தத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தவர் அட்டர்னி ஜெனரல் ஜேனட் ரெனோ அம்மையார். அவர் ஒப்புக்கொண்ட திட்டப்படி 48 மணி நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, ஆட்களை வெளியே வரவைப்பதற்காகப் புகை விட வேண்டும். ஆனால் உள்ளிருந்து சுடுகிறார்கள் என்று சொல்லி, சில நிமிஷங்களிலேயே வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். நண்பகல் ஆவதற்குள் கட்டிடத்தின் பின்பகுதியை டாங்கி இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அனுமதி கொடுத்த அம்மையார் அந்த நேரத்தில் பால்டிமோர் நகரத்துக்கு ஒரு சொற்பொழிவு செய்யப் போய்விட்டார்!

எந்தப் புகை என்று கேளுங்கள். சி.எஸ். என்ற ரசாயனம். யுத்தத்தில் ஒரு படை இன்னொரு படையின் மேல் இதை உபயோகிக்கக்கூடாது என்று உலக நாடுகள் ஒப்பந்தம் செய்து, 1993 ஜனவரியில் பாரிஸில் கையெழுத்திட்டன. அமெரிக்காவும் கையெழுத்திட்டது. மூன்று மாதம் கழித்து அதே புகையை, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் பீய்ச்சியது. இது ஒப்பந்தத்தை மீறியதாகாது. ஏனென்றால் சொந்த நாட்டில் போலீஸ் உபயோகிப்பதற்கு அந்த ஒப்பந்தம் விதிவிலக்குக் கொடுத்திருக்கிறது. எதிரி நாட்டுச் சிப்பாய்க்குக் கிடைத்த பாதுகாப்பு சொந்த நாட்டுக் குழந்தைக்குக் கிடைக்கவில்லை. உள்ளே பெரியவர்களிடம் முகமூடி இருந்தது. அது சிறு குழந்தைகளின் முகத்துக்குப் பொருந்தாது. ஈரத்துணியைக் குழந்தைகளின் முகத்தில் போர்த்தினார்கள்.

இப்போது அந்தக் கட்டிடத்தை மனத்தில் வையுங்கள். பலகையும் ஒட்டுப்பலகையும் வைத்துக் கட்டியது. குண்டு துளைக்காமல் இருக்க ஜன்னல் ஓரமெல்லாம் வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். மின்சாரம் இல்லை, அதனால் அரிக்கேன் விளக்கு, மண்ணெண்ணெய். டாங்கி குத்திய ஓட்டைகள் சுவர் முழுவதும். அன்றைக்குச் சமவெளியில் பலத்த காற்று வேறு. பஞ்சாலையில் ‘புளோ ரூமில்’ வேலை செய்யும் தோழர்களுக்கும், களத்தில் வைக்கோல் போர் போடும் தோழர்களுக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று நம் சின்னப் பையன்களுக்குக்கூடத் தெரியும்.

பகல் 12 மணி அடித்துச் சில நிமிஷங்களில் தீ தெரிந்தது. ஒரு இடத்தில் அல்ல. குறைந்தது மூன்று இடத்தில், இரண்டு மூன்று நிமிஷ இடைவெளியில். முக்கால் மணி நேரத்துக்குள் எல்லாம் தரைமட்டம். 9 பேர் மட்டுமே தீயிலிருந்து தப்பினார்கள்.

தீயணைப்பு வண்டி எங்கே? அங்கே ஒரு வண்டிகூடத் தயாராக நிறுத்தி வைக்கப்படவில்லை. தீ தெரிந்த பிறகுதான் அழைத்தார்கள். வந்த வண்டிகளையும் வழியில் நிறுத்தினார்கள். தீ பிடித்துச் சுமார் அரை மணி நேரம் கழித்தே உள்ளே விட்டார்கள். உள்ளே இருந்து சுட்டால் தீயணைப்புத் தொழிலாளிகள் செத்துப்போவார்கள் என்று எப்.பி.ஐ. காரணம் சொன்னது. அந்தக் காரணத்தை நாம் கேலி செய்ய மாட்டோம். தீயணைப்புத் தொழிலாளியின் உயிரும் உயிர்தான். ஆனால் டாங்கி இரவல் வாங்கத் தெரிந்தவர்களுக்கு, மரவீட்டை இடிக்கப் போகும்போது தண்ணீருக்கு ஒரு வழி செய்துவைக்கத் தெரியாதா?

சரி, தீயை வைத்தது யார்? எப்.பி.ஐ. அன்றைக்கே ‘உள்ளே இருந்தவர்களே கொளுத்திக்கொண்டார்கள்’ என்று அறிவித்தது. தப்பி வந்தவர்களில் பலர், ‘டாங்கி மோதியதில் விளக்குகள் கவிழ்ந்து தீப்பிடித்தது’ என்றார்கள். மூன்றாவதாக ஒரு கட்சி கிளம்பியது. எப்.பி.ஐ.யே வேண்டுமென்று கொளுத்தியது, ஓடிவந்தவர்களைச் சுட்டும் தள்ளியது என்றார்கள். எப்.பி.ஐ.யின் ஆகாய விமானம் வெப்பத்தைப் பதிவுசெய்யும் காமிராவால் எடுத்த படத்தில் பளிச்சுப் பளிச்சென்று ஒளிக்கீற்றுகள் தெரிகின்றன. அவை துப்பாக்கி வெடிப்பு என்பது இவர்கள் வாதம். 1997-ல் இதை வைத்து ஒரு டாகுமெண்டரிப் படமே வந்தது.

இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். போலீசைப் பிடிக்காது என்பதற்காக, போலீசுக்கு எதிரான எல்லாக் கதையும் உண்மையாகிவிடாது. சாட்சியத்தைப் பார்ப்போம். எப்.பி.ஐ. பேச்சுவார்த்தைக் காலத்தில் உள்ளே அனுப்பிய பால் டப்பா போன்ற சாமான்களில் ரகசிய ஒலிவாங்கிகளை மறைத்து அனுப்பியிருந்தது. அன்று காலையிலேயே உள்ளே சிலர் எரிபொருள் ஊற்றுவதைப் பற்றிப் பேசியது அவற்றில் பதிவாகியிருக்கிறது. தப்பி வந்தவர்கள் சிலரின் துணியில் எரிபொருள் தடயம் இருந்தது. தனித்தனியான மூன்று இடங்களில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிடித்த தீயை, ஒரு டாங்கி ஒரு விளக்கைக் கவிழ்த்ததாகச் சொல்லி விளக்க முடியாது. இன்னொன்றும் உண்டு, சொல்லவே கஷ்டமாக இருக்கிறது: செத்தவர்களில் சுமார் 20 பேர் துப்பாக்கிக் குண்டுபட்டுச் செத்தவர்கள், அவர்களிலும் குழந்தைகள் இருந்தார்கள். கூட இருந்தவர்களே சுட்டிருக்கிறார்கள். விமானப் படத்தில் தெரிந்த ஒளிக்கீற்றுகளைப் பற்றி 2000 மார்ச்சில் ஒரு ராணுவ முகாமில் பரீட்சை செய்து பார்த்தார்கள். உடைந்த பொருள்களின் மேல் வெயில் பட்டுத் தெறித்த ஒளியே அது என்று முடிவு கூறினார்கள். எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டால், உள்ளே இருந்தவர்களில் சிலரே தீயை வைத்தார்கள் என்பதுதான் சாட்சியத்தோடு அதிகம் பொருந்துகிறது. நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அத்துடன் விஷயம் முடிந்துவிட்டது என்கிறார்கள் சர்க்கார் தரப்பினர். நாமோ, அங்கிருந்துதான் விஷயம் ஆரம்பிக்கிறது என்கிறோம்.

உள்ளே எரிபொருள் ஊற்றுகிறார்கள் என்று உன்னுடைய ஒலிவாங்கி காலையிலேயே கேட்டதே, நீ என்ன செய்தாய்? ‘இரைச்சல் அதிகம், அப்போது புரியவில்லை, பிறகு சுத்தம் செய்து கேட்டபோதுதான் தெரிந்தது’ என்று பதில். அப்படியானால் ஒட்டுக்கேட்கும் கருவியை எதற்கு வைத்தாய்? புரியாத காதை வைத்துக்கொண்டு டாங்கியை ஏன் முன்னே ஓட்டினாய்? உலகம் நெருப்பில் முடியும் என்று நம்புகிற கூட்டத்தை டாங்கியால் நெருக்கினால், அந்த நம்பிக்கையே நடந்தேறுவதாக அவர்கள் நினைப்பார்கள் என்று உனக்கு யாரும் சொல்லவில்லையா? சொன்னார்கள். எப்.பி.ஐ.யின் மனோதத்துவ நிபுணர்களே முற்றுகை தொடங்கிய மாதத்திலேயே, நெருக்கடி கொடுப்பது கூட்டுச் சாவில் கொண்டுபோய் விடலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதியது கோப்பில் தூங்கியது. பிறகு, எதற்காக அவசரம்? உள்ளே குழந்தைகளை அடிக்கிறார்கள் என்று அட்டர்னி ஜெனரல் முதலில் காரணம் சொன்னார். முற்றுகை நாட்களில் அப்படி நடந்ததற்கு ஆதாரமில்லை என்று பின்னால் ஒப்புக்கொண்டார்கள். குழந்தைகளைக் காப்பாற்றப் போன புகை!

இனி சாட்சியத்தின் கதை. எரிந்த இடத்தை மறுமாதமே, 1993 மேயில், புல்டோசர் வைத்து நிரவிவிட்டார்கள். தீக்குக் காரணம் கண்டுபிடிக்க வந்த ‘சுதந்திரமான’ நிபுணர் குழுவின் தலைவர், முதல் நாள் சோதனை போட்ட அதே இலாகாவோடு சேர்ந்து முன்பு வேலை பார்த்தவர். அதனால் அவர் முடிவு பொய் என்று நாம் சொல்லவில்லை. மேஸ்திரியின் கைக்கடிகாரம் காணாமல்போனால் மேஸ்திரியின் மைத்துனரை விசாரணைக்கு வைக்கிறோமா? அவ்வளவுதான் கேள்வி.

எல்லாவற்றையும்விடப் பெரியது இது. தீப்பிடிக்கக் கூடிய எந்தக் குண்டையும் உபயோகிக்கவில்லை என்று எப்.பி.ஐ. 1993-லிருந்து சாதித்துவந்தது. அந்த உறுதியை வாங்கிக்கொண்டே அனுமதி கொடுத்ததாக அட்டர்னி ஜெனரலும் பார்லிமெண்டில் சொன்னார். ஆறு வருஷம் ஓடியது. 1999 ஆகஸ்டில், ஓய்வுபெற்ற எப்.பி.ஐ. மேலதிகாரி ஒருவர் டல்லஸ் நகரப் பத்திரிகை ஒன்றிடம் உண்மையைச் சொன்னார்: அன்று காலையில் தீப்பொறி கக்கும் ராணுவப் புகைக் குண்டுகளைச் சுட்டோம். மறுக்க வழியில்லாமல் எப்.பி.ஐ. ஒப்புக்கொண்டது. அட்டர்னி ஜெனரல் அம்மையார் தன் கீழ் வேலை செய்கிற எப்.பி.ஐ.யின் தலைமைக் காரியாலயத்துக்கே மத்திய மார்ஷல்களை அனுப்பி, ஒலி ஒளி நாடாக்களைக் கைப்பற்ற வேண்டியதாயிற்று! கேட்டவர்களையெல்லாம் பைத்தியக்காரர்கள் என்று ஆறு வருஷம் பரிகாசம் செய்தார்களே, அந்தப் ‘பைத்தியக்காரர்கள்’ கேட்ட கேள்விகளில் ஒன்று சரியாகப் போயிற்று.

அந்தக் குண்டுகளால்தான் தீ பிடித்ததா? இல்லை. காலை 8 மணி சுமாருக்கு, கட்டிடத்திலிருந்து சுமார் 75 அடி தள்ளியிருந்த ஒரு பள்ளத்தை நோக்கிச் சுட்டவை அவை. தீ பிடித்தது நான்கு மணி நேரம் கழித்து. அப்படியானால் ஏன் மறைத்தார்கள்? அதுதான் வேடிக்கை. தங்களைக் குற்றவாளியாக்காத ஒரு உண்மையைக்கூட ஆறு வருஷம் ஒளித்து வைத்தார்கள். கேள்வி கேட்கப்படுவதே அவர்களுக்கு அவமானம். இந்த ஒளிப்பினாலேயே அவர்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் ஜனங்கள் நம்ப மறுத்தார்கள்.

உண்மை வெளிப்பட்ட பிறகு, 1999 செப்டம்பரில், ஜான் டான்போர்த் என்ற முன்னாள் செனட்டர் தலைமையில் விசேஷ விசாரணை ஏற்படுத்தினார்கள். ஆயிரம் பேர் அளவில் விசாரித்து 2000-ம் ஆண்டில் அறிக்கை கொடுத்தார். சர்க்கார் ஆட்கள் தீ வைக்கவில்லை, சுடவும் இல்லை, ஆனால் புகைக்குண்டு விஷயத்தைச் சிலர் மறைத்தார்கள். இது அவர் முடிவு. அறிக்கையில் அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்ன ஒரு விஷயம் உண்டு: சர்க்கார் கெட்ட காரியம் செய்ததா என்பதைத்தான் தான் விசாரித்ததாகவும், சர்க்கார் எடுத்த முடிவு புத்திசாலித்தனமானதா என்பது தன் வேலை அல்ல என்றும் சொன்னார். தோழர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். ஆலையில் பாய்லர் வெடித்துப் பத்துப் பேர் செத்தால், ‘முதலாளி வேண்டுமென்று வெடிவைத்தாரா?’ என்று மட்டும் விசாரித்துவிட்டு, ‘இல்லை, வைக்கவில்லை’ என்று தீர்ப்புச் சொல்லிக் கலைந்துவிடலாமா? வால்வைப் பழுதுபார்க்கச் சொல்லித் தொழிலாளி எழுதிக் கொடுத்த மனு எங்கே போயிற்று என்று கேட்க வேண்டாமா? தீக்குச்சியைக் கிழித்த கையை மட்டும் தேடினால், தீக்குச்சி கிழிக்கும் நிலைக்குக் கொண்டுபோனவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிடுவார்கள்.

சரி, தீக்குச்சியைக் கிழித்தது போலீஸ்தான் என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்தால் மட்டும் நீதி கிடைத்துவிடுமா? அதற்கும் அதே அமெரிக்காவில் உதாரணம் இருக்கிறது. வேக்கோவுக்கு எட்டு வருஷம் முன்னால், 1985 மே 13. பிலடெல்பியா நகரம், கறுப்புத் தொழிலாளர்களும் நடுத்தர மக்களும் வாழ்ந்த ஓசேஜ் தெரு. ‘மூவ்’ என்ற கறுப்பு மக்கள் குழு ஒன்று அங்கே ஒரு வீட்டில் இருந்தது. ஒலிபெருக்கி வைத்துத் தொந்தரவு செய்கிறார்கள் என்று அண்டை வீட்டாரே புகார் செய்திருந்தார்கள், புகார் பொய்யுமல்ல. போலீஸ் வளைத்தது. ஒன்றரை மணி நேரத்தில் பத்தாயிரம் குண்டுகள் சுட்டது. சாயங்காலம் ஹெலிகாப்டரிலிருந்து அந்த வீட்டுக் கூரையின் மேல் வெடிகுண்டு போட்டது. ஊர் நடுவில், சொந்த நகரத்து வீட்டின் மேல்! கூரை பற்றிக்கொண்டது. தண்ணீர் பீய்ச்சும் வண்டிகள் பக்கத்திலேயே நின்றன. ‘எரியட்டும்’ என்று போலீஸ் தலைவரும் தீயணைப்புத் தலைவரும் முடிவு செய்தார்கள். 11 பேர் வெந்து செத்தார்கள். அதில் 5 குழந்தைகள். 61 வீடுகள் சாம்பல். சுமார் 250 பேர் தெருவில் நின்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் மூவ் குழுவைப் பற்றிப் புகார் செய்தவர்களும் சம்பந்தமே இல்லாதவர்களும்.

மேயரே நியமித்த கமிஷன் 1986-ல், வீட்டின் மேல் குண்டு போட்டது மனச்சாட்சியற்ற செயல் என்று எழுதியது. ஆனால் எந்த அதிகாரி மேலும் கிரிமினல் வழக்கு இல்லை. ஜெயிலுக்குப் போனது யார் தெரியுமா? தீக்காயத்தோடு வீட்டிலிருந்து வெளியே வந்த ரமோனா ஆப்பிரிக்கா என்ற பெண். ஏழு வருஷம் உள்ளே இருந்தார்! அந்த நகரத்தின் கவுன்சில் முறையாக மன்னிப்புக் கேட்டது 2020-ல்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. வேக்கோவைப் பற்றிய கேள்விகளை அமெரிக்காவில் உரக்கக் கேட்டவர்களில் பலர் யார்? துப்பாக்கி வெறியர்கள், நிறவெறி பிடித்த கூட்டங்கள். 1995-ல் பார்லிமெண்டில் விசாரணை நடத்திய ரிபப்ளிகன் கட்சிக்காரர்களுக்கும் குழந்தைகள் மேல் அக்கறையைவிட, ஜனாதிபதி கிளிண்டன் மேல் சேறு பூச ஆசை. பிலடெல்பியாவில் கறுப்புக் குழந்தைகள் எரிந்தபோது இவர்களில் பலர் வாய் திறக்கவில்லை. வேக்கோ முற்றுகையை நேரில் வந்து பார்த்துப் போனவன் ஒருவன், திமோத்தி மக்வே. பழிவாங்குகிறேன் என்று 1995 ஏப்ரல் 19, அதாவது அதே தேதியில், ஓக்லஹோமா நகரத்துச் சர்க்கார் கட்டிடத்தில் வெடிகுண்டு லாரியை நிறுத்தினான். 168 பேர் செத்தார்கள். குமாஸ்தாக்கள், மனுக் கொடுக்க வந்தவர்கள், பிள்ளைகள் காப்பகத்தில் இருந்த குழந்தைகள். நியாயமான கேள்வியை உழைக்கிற ஜனங்களும் அவர்கள் சங்கங்களும் கையில் எடுக்காமல் விட்டால், அதை யார் எடுத்துக்கொண்டு போவார்கள், எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்பதற்கு ஓக்லஹோமா சாட்சி.

மேஜைக்கு இரண்டு சீட்டுகள் வந்திருக்கின்றன.

ஒரு தோழர் எழுதியிருக்கிறார்: ‘அவர்களே கொளுத்திக்கொண்டு செத்தார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மூடநம்பிக்கைக்காரர்கள் செத்ததற்கு நாம் ஏன் வருத்தப்பட வேண்டும்?’

தோழரே, அந்தக் கட்டிடத்தில் இரண்டு வயது, மூன்று வயதுக் குழந்தைகள் இருந்தார்கள். அவர்கள் எந்த மதத்திலும் சேரவில்லை. யார் சொன்னதையும் நம்பவில்லை. பலர் சமையலறைப் பக்கத்திலிருந்த ஒரு கான்கிரீட் அறையில் தாய்மார்களோடு சேர்ந்து கிடந்தார்கள். சிலர் மேல் கான்கிரீட் இடிந்து விழுந்திருந்தது. அவர்களைக் கொரேஷும் பணயமாக வைத்தார், சர்க்காரும் பணயமாக வைத்தது. கொரேஷிடம் கேட்க முடியாது, செத்துப்போனார். ஆகவே சர்க்காரிடம் கேட்கிறோம். அதோடு, இன்றைக்கு ‘மூடநம்பிக்கைக்காரன்தானே’ என்று விட்டுவிட்டால், நாளைக்கு வேலைநிறுத்தக்காரனை வளைக்கும்போது அவனுக்கும் ஒரு பெயர் தயாராக வைத்திருப்பார்கள்.

இன்னொரு சீட்டு, பெண் தோழர் ஒருவர் எழுதியது: ‘கடைசியில் யாராவது தண்டனை அடைந்தார்களா?’

அடைந்தார்கள் அம்மா. தப்பிப் பிழைத்த டேவிடியன்கள் மேல் 1994-ல் சான் அன்டோனியோவில் வழக்கு நடந்தது. கொலைச்சதிக் குற்றம் இல்லை என்று ஜூரிகள் சொன்னார்கள். ஆனாலும் ஆயுதக் குற்றம் உட்பட வேறு குற்றங்களுக்காகச் சிலருக்கு 40 வருஷம்வரை ஜெயில் போட்டார் நீதிபதி. 2000-ல் சுப்ரீம் கோர்ட்டு, ஜூரி தீர்மானிக்க வேண்டியதை நீதிபதி தீர்மானித்துவிட்டார் என்று சொன்ன பிறகு அந்தத் தண்டனைகள் குறைந்தன. 2006-ல்தான் பலர் வெளியே வந்தார்கள். செத்தவர்களின் குடும்பத்தார் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு 2000-ம் ஆண்டில் தள்ளுபடியாயிற்று. சர்க்கார் தரப்பில் டான்போர்த் விசாரணையால் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரே ஒருவர். அவர் ஒரு சர்க்கார் வக்கீல். புகைக்குண்டு பற்றித் தன் குறிப்பில் இருந்த பக்கங்களை மறைத்தார் என்று வழக்கு. எரிந்த இடத்துச் சாமான்களைப் படம் எடுப்பவர்கள் பார்க்க வழிசெய்ததும், உண்மை மறைக்கப்பட்டிருக்கலாம் என்று அட்டர்னி ஜெனரலுக்குக் கடிதம் எழுதியதும் இதே வக்கீல்தான். அனுமதி கொடுத்தவர், திட்டம் போட்டவர், வேகத்தைக் கூட்டச் சொன்னவர் எவர் மேலும் வழக்கு இல்லை.

வலதுபக்கக் கதவு இன்னும் கோர்ட்டுக்கு வரவில்லை.